உடலும் ஊரும் – 11: ஒரு மிடறு தண்ணீருக்கு முன்

"மிஸ், அப்பாக்கு நாக்கு வறண்டு கிடக்கு. ஒரு மிடறு தண்ணி குடுக்கட்டா?"

பாரிசவாதம் வந்தவரை வாட்டில் சேர்த்ததும் உறவினர் கேட்கும் கேள்வி இது. விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை கொடுக்கக் கூடாது. தேத்தண்ணீரும் மாத்திரையும் அப்படித்தான். சென்ற வாரம் பாரிசவாதத்தின் முதல் மணித்தியாலங்களைப் பார்த்தோம். அந்த மணித்தியாலங்களைத் தாண்டியவரை அடுத்த நாட்களில் நியுமோனியா தாக்குவதற்கு ஒரு முக்கிய காரணம், தவறிய விழுங்கல்.

நாக்கு உணவைப் பின்னே தள்ளியதும் குரல்வளை மேலெழும்பி மூச்சுவழி மூடிக்கொள்கிறது. உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரு செக்கனுக்குள். மூளை பாதிக்கப்பட்டால் இந்த ஒழுங்கு பிந்துகிறது. வேகமாக ஓடும் தண்ணீர், மூச்சுவழி மூடுமுன்னே அதற்குள் இறங்கிவிடும். புரையேறினால் இருமல் வரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. உணர்வு மங்கிய தொண்டை இருமாமலே விட்டுவிடும்.

ஆகவே சோதனை கட்டிலருகே தொடங்குகிறது. நோயாளி விழித்திருக்கிறாரா என்று பார்த்து, நிமிர்த்தி உட்காரவைத்து, முதலில் தேக்கரண்டியால் தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு கோப்பையால். இருமல், மூச்சுத் திணறல், விழுங்கியபின் "ஆ" என்று சொல்லும்போது கேட்கும் ஈரக்குரல் ஆகியவை எச்சரிக்கைகள். சத்தமில்லாமல் இறங்குவதை அறிய, பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் பார்க்கலாம். அல்லது மூக்கு வழியாக மெல்லிய கமராவைச் செலுத்தலாம். இம்முறையை சூசன் லாங்மோரின் குழு 1988இல் விவரித்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களுக்கு, 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வருவது இலகுவாயிற்று. ஆனால் விழுங்கல் பயிற்சி ஒருநாள் வேலையல்ல, வாரக்கணக்காக நீளும். தமிழில் பேசிப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சையாளரோ இந்த நாட்டில் மிகக் குறைவு. ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது.

நோயாளிக்குக் கஞ்சி நல்லது என்பது நம் வழக்கம். ஆனால் பருக்கை வேறு, தண்ணீர் வேறாக நிற்கும் கஞ்சி விழுங்கக் கடினமானது: பருக்கையை நாக்கு சமாளிப்பதற்குள் தண்ணீர் முந்திவிடும். முழுதாக மசித்து ஒரே பதமாக்க வேண்டும். பிட்டு உதிர்ந்து தொண்டையில் சிதறும். எருமைத் தயிரை, மேலே நிற்கும் தண்ணீரை வடித்து, கட்டியில்லாமல் அடித்தால் பலருக்குப் பொருந்தும்.

பதத்தை அளக்க சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. பூச்சியத்திலிருந்து 7 வரை படிகள். பானத்துக்கு ஒரு சிரிஞ்ச் போதும். அளவுக்கோட்டு நீளம் 61.5 மில்லிமீற்றர் உள்ள 10 மில்லிலீற்றர் சிரிஞ்சை ஊசியில்லாமல் நிரப்பி, 10 செக்கன் ஒழுகவிடுங்கள். 1 முதல் 4 மில்லிலீற்றர் மிஞ்சினால் முதற்படி. 4 முதல் 8 வரை இரண்டாம் படி. 8க்கு மேல் மிஞ்சி, ஆனாலும் ஒழுகினால் மூன்றாம் படி. எந்தப் படி என்பதைச் சிகிச்சையாளரே சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் தடித்த பானம் தொண்டையில் தேங்கும். குடிக்கும் அளவும் குறைந்து உடல் வறளும்.

சாப்பிட்டபின் அரை மணித்தியாலமாவது நிமிர்ந்திருக்கட்டும். வாயைத் தினமும் துலக்கிவிடுங்கள். மூச்சுவழியில் எச்சில் இறங்கினாலும், சுத்தமான வாயின் எச்சில் குறைவான கிருமிகளையே கொண்டுபோகும். நாடியைத் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது, கேட்காமல் செய்யாதீர்கள்.

பலருக்குச் சில வாரங்களில் விழுங்கல் திரும்புகிறது. அதுவரை காப்பது ஊட்டும் கைதான். அந்தக் கைக்குரியவர், பெரும்பாலும் மனைவி அல்லது மகள், துண்டு வெட்டும் நாளில் வாட்டில் இருக்க வேண்டும். எந்தப் பதம், ஒரு வாய்க்கு எவ்வளவு, மறுபரிசோதனை எப்போது என்ற மூன்றுக்கும் விடையைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் புறப்படுங்கள்.

அடுத்த வாரம்: பாக்கு மெல்லும் வாய் ஏன் இறுகுகிறது?