சிமென்ட் மூட்டையைப் பிரிக்கும் முன் பெர்மிட் வாங்குங்கள்

பன்னிரண்டு அடி விட்டத்தில் வட்டம் போட்டால் 113 சதுர அடி. இந்தக் கணக்கை நம்பித்தான் கலிஃபோர்னியாவில் குவிமாட அறை கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 120 சதுர அடிக்குள் இருக்கும் தனிக் கொட்டகைக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அது மண்வெட்டியும் கடப்பாரையும் போட்டுவைக்கிற கொட்டகைக்குத் தரப்பட்ட விலக்கு. கட்டில் போட்டு, கரன்ட் இழுத்து, அடுப்பு வைத்துவிட்டால் அது குடியிருப்பு. ஒருநாள் ஆய்வாளர் வந்து, உள்ளே குடியிருக்கக் கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்.

குவிமாடம் கட்டும் ஆசை நியாயமானதுதான். 2018 நவம்பர் 8-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த காட்டுத்தீயில் 85 பேர் மாண்டார்கள். 18,000-க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பலாயின. அதைப் பார்த்தவர்கள் மரவீட்டை விட்டு விலக நினைப்பதில் தவறில்லை. அதே மாநிலத்தின் ஹெஸ்பீரியாவில் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி தொடங்கிய பயிற்சிக்கூடம், சிமென்ட் கலந்த ஈரமண்ணை நீளப் பைகளில் அடைத்து, வரிசைக்கு வரிசை முள்கம்பி வைத்துக் குவிமாடமாக அடுக்கக் கற்றுத்தருகிறது. கம்பி வளைத்துக் கான்கிரீட் பூசும் முறையும் இருக்கிறது.

கான்கிரீட் எரியாது. ஆனால் வீட்டைப் பெரும்பாலும் கொளுத்துவது காற்றில் பறந்துவரும் கங்கு. அது நுழைவது காற்றுத்துளை வழியாக. துளைக்கு அடிக்கும் உலோக வலையின் கண் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. அதில் ஒன்றாவது டெம்பர்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். குளிர் தாங்க உள்ளே ஃபோம் அடித்துவிட்டு அப்படியே விடுகிறவர்களும் உண்டு. அந்த ஃபோம் எரியும். அதன்மேல் அரை அங்குல ஜிப்சம் பலகையோ அதற்கு ஈடான பூச்சோ கட்டாயம். சுவரைச் சுற்றி ஐந்தடிக்குள் செடி, விறகு, மரவேலி எதுவும் கூடாது.

அடுத்தது அலுவலகம். கவுன்ட்டியின் கட்டடப் பிரிவுக்குக் குழி வெட்டும் முன்பே போக வேண்டும். மனை எந்தத் தீ அபாய மண்டலத்தில் வருகிறது, கழிவுநீர்த் தொட்டிக்கு இடமுண்டா என்று கேட்க வேண்டும். பிறகு கலிஃபோர்னியா மாநில உரிமம் பெற்ற பொறியாளர் முத்திரையிட்ட வரைபடமும் நிலநடுக்கக் கணக்கும் தேவைப்படும். வட்ட வரைபடத்தைக் கண்டதுமே “இதற்கெல்லாம் விதி இல்லை” என்று கவுன்டரில் திருப்பி அனுப்புவது பொறுப்பற்ற பதில். மாற்றுப் பொருள், மாற்று முறைக்கென்றே விதிநூலில் தனிப்பிரிவு இருக்கிறது. அதன்கீழ் சோதனை அறிக்கைகளோடு விண்ணப்பித்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் மேல்முறையீடு நிற்காது. மென்டசினோ போன்ற சில கவுன்ட்டிகளில், கிராமப்புறத்தில் சொந்தக் கையால் கட்டுகிறவர்களுக்குத் தளர்த்தப்பட்ட விதிகளும் உண்டு.

கம்பி கட்டியதும் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கான்கிரீட். பெர்மிட் கையில் இருந்தும் இந்த ஒரு நாள் பொறுக்காமல் பூசிவிட்டு, பூசியதை உடைத்துக் காட்ட நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: கையெழுத்துக்குப் பிறகே கான்கிரீட்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் சிவப்பு அட்டையைக் கிழிக்கக் கூடாது, உள்ளே படுக்கவும் கூடாது. பொறியாளரை அழைத்து உள்ளது உள்ளபடி வரைபடம் போட்டு, கட்டியபின் பெறும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கம்பி கட்டிய நாளில் எடுத்த புகைப்படங்கள், சிமென்ட் வாங்கிய ரசீதுகள் இருந்தால் அவற்றையும் கூடவே எடுத்துப் போக வேண்டும்.