சிகிச்சை முடிந்த பின்னும் கவனம் தேவை

பால்மரத்தின் பட்டையைச் சீவியதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. சீவிய இடத்தில் புதுப்பட்டை நன்கு வளர்கிறதா, மழைக்காலத்தில் பூசணம் பற்றுகிறதா என்று தொடர்ந்து பார்த்து வருகிறோம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவரின் உடலுக்கும் இத்தகைய கவனிப்பு தேவை.

இதற்கு வாய்ப்புற்று நோயை எடுத்துக்கொள்வோம். வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் இந்நோய்க்கு ஒரு பெருங்காரணமாகும். அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து வீடு திரும்பியவர்களுள் சிலர், "இப்போது வலி இல்லையே, ஒரு நாள் சம்பளத்தை ஏன் இழக்க வேண்டும்?" என்று எண்ணி மறுபரிசோதனைக்குச் செல்லாது இருந்துவிடுகின்றனர். இவ்வெண்ணம் உயிருக்கே தீங்காக முடியலாம்.

முதல் இரண்டு ஆண்டுகள்

இந்நோய் மீண்டும் தலைகாட்டுமாயின், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தலைகாட்டும். தொடக்கத்தில் வலி இல்லாமலும் இருக்கலாம். சிறிதாக உள்ளபோதே கண்டுகொண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, முதலாண்டில் 1 முதல் 3 மாதத்திற்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் 2 முதல் 6 மாதத்திற்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டு முடியும்வரை 4 முதல் 8 மாதத்திற்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்வது வழக்கம். உங்களுக்குரிய நாளை மருத்துவரே குறித்துத் தருவார்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

மருத்துவமனையை விட்டு வருமுன், பெற்ற சிகிச்சை, கதிர் பாய்ச்சிய இடம், அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேளுங்கள். வேறு தோட்டத்திற்கு மாறினாலும் அத்தாள் உடனிருத்தல் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கதிர் பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது. எனவே, பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் அத்தாளைக் காட்டுதல் இன்றியமையாதது. உமிழ்நீர் குறைவதால் பற்கள் விரைவில் சொத்தையாகும். ஃபுளோரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் துலக்குதல் நலம். மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி நுழைக்கும் அளவு வாய் திறக்காவிடில் மருத்துவரிடம் கூறுங்கள். அதற்குப் பயிற்சிகள் உண்டு. கழுத்தில் கதிர் பட்டவர் தைராய்டு சுரப்பிக்கான இரத்தப் பரிசோதனையை 6 முதல் 12 மாதத்திற்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, விழுங்குவதில் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், குறித்த நாள்வரை காத்திராது உடனே செல்லுங்கள்.

வெற்றிலை பாக்கை அறவே விட்டொழித்தல் வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்துள்ளது.

சம்பளக் கவலை

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவர் சான்றளிக்கும் நாள்களுக்குச் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆண்டொன்றுக்கு, 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 14 நாள். 5 ஆண்டுக்குக் குறைவாயின் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். சான்றைக் கேட்டு வாங்கி, தோட்ட அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

குடும்பத்தாரும் பரிசோதனை நாளை நினைவூட்டி உடன் செல்வார்களாக. அரும்பாடுபட்டு மீட்ட உயிரை அலட்சியத்தால் இழத்தல் கூடாது.