சொகுசுக் கப்பல் உணவுக்கூடங்களில் ஆடைக் கட்டுப்பாடு

சொகுசுக் கப்பல்களின் முதன்மை உணவுக்கூடத்துக்கு இரவு உணவுக்கு வரும் பயணிகள் எந்த உடையில் வரலாம், எந்த உடையில் வரக்கூடாது என்று கப்பல் நிறுவனங்கள் வகுத்துள்ள விதிகள் ஆடைக் கட்டுப்பாடு எனப்படுகின்றன. இவை எந்த நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றவை அல்ல. பயணச்சீட்டு வாங்கும்போது பயணி ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளோடு சேர்ந்து வருபவை. அதனால் இவற்றை நடைமுறைப்படுத்தும் வேலை காவலரிடமோ நீதிமன்றத்திடமோ இல்லை. உணவுக்கூடத்தின் வாசலில் புன்னகையோடு நிற்கும் ஊழியரிடம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் உள்ள சிக்கல் முழுவதும் அந்த வாசலில்தான் தெரியவரும்.

தோற்றம்

கப்பலில் ஏறியவுடன் கோட்டு அணிய வேண்டும் என்ற வழக்கம் தொடக்கத்தில் இருந்ததில்லை. கியூனார்டு நிறுவனத்தின் முதல் அட்லாண்டிக் கப்பலான பிரிட்டானியா 1840இல் லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. துடுப்புச் சக்கரம் பூட்டிய சிறிய நீராவிக் கப்பல் அது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842 சனவரியில் அதில் அமெரிக்கா சென்று, அறையின் நெருக்கடியைப் பற்றியும் கடல் கொந்தளிப்பைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார். அத்தகைய பயணத்தில் தட்டு மேசையை விட்டு ஓடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்கள் பெருத்தன. முதல் வகுப்பு என்பது மிதக்கும் நட்சத்திர விடுதியாக மாறியது. அதில் பயணம் செய்த பிரிட்டன், அமெரிக்கச் செல்வர்கள் தங்கள் வீட்டிலேயே இரவு உணவுக்கு உடை மாற்றிக்கொண்டு உட்காருபவர்கள். அந்தப் பழக்கத்தை அவர்கள் கப்பலுக்கும் கொண்டுவந்தார்கள். ஆக, கரையிலிருந்து ஏறிய வழக்கம் இது.

இந்த இடத்தில் டின்னர் ஜாக்கெட் என்னும் கறுப்புக் கோட்டின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசருக்காக, லண்டன் சேவில் ரோவில் உள்ள ஹென்றி பூல் தையல் நிறுவனம் 1865இல் வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைத்தது. வெளியார் இல்லாத, இயல்பான விருந்துகளில் அணிவதற்காகவே அது தைக்கப்பட்டது. முறையான உடை என்றால் அன்று பின்பக்கம் வால் தொங்கும் நீளக் கோட்டுதான். அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அருகிலுள்ள டக்சீடோ பார்க் வழியாகப் புகழ்பெற்றதால் அந்தக் குட்டைக் கோட்டுக்கு டக்சீடோ என்ற பெயரும் வந்தது. ஒரு காலத்தில் தளர்வான உடையாக இருந்த அதே கோட்டு, இன்று கப்பல்களில் மிகக் கண்டிப்பான உடையாகக் கருதப்படுகிறது. ஆடை விதிகள் நிலையானவை என்று வாதிடுபவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் இரவு உணவுக்கு முன் ஊதுகொம்பு ஊதுவார்கள். உடை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்பதற்கான அழைப்பு அது. கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தபோது பெஞ்சமின் குக்கன்ஹைம் என்ற செல்வந்தர் தம் உதவியாளருடன் மாலை உடைக்கு மாறிக்கொண்டு மரணத்தை எதிர்கொண்டார் என்று உயிர் தப்பிய பணியாளர் ஒருவர் தெரிவித்தார். மரியாதை என்ற சொல்லும் உடையும் அந்தத் தலைமுறையில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1935இல் முதல் பயணம் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியின் முதல் வகுப்பு உணவுக்கூடம் 305 அடி நீளம். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைவிடவும் நீளமானது. பகல் வெளிச்சம் வராத அந்தக் கூடத்தைக் கண்ணாடி விளக்குத் தூண்கள் ஒளிரவைத்தன. உள்ளே நுழைபவர்கள் படிக்கட்டுகளில் இறங்கி வரவேண்டும், உட்கார்ந்திருப்பவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டடமே உடையைக் காட்டுவதற்கென்று அமைக்கப்பட்டிருந்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. இவை எல்லாம் முதல் வகுப்பின் கதைகள். குடிபெயர்ந்து செல்லும் ஏழைகள் நிறைந்த மூன்றாம் வகுப்பில் இப்படி எந்த விதியும் இல்லை, அங்கே யாரும் கேட்கவும் மாட்டார்கள். அன்று மனிதர்களைப் பிரித்தது பயணச்சீட்டு. பின்னாளில் வகுப்புகள் மறைந்து ஒரே கூடத்தில் எல்லோரும் உண்ணத் தொடங்கியபோது, பயணச்சீட்டு செய்த வேலையில் ஒரு பகுதியை உடை ஏற்றுக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விமானம் வந்த பிறகு

1958இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் பயணிகள் விமானச் சேவை தொடங்கியது. ஊர் போய்ச் சேர்வதற்காகக் கப்பல் ஏறுவோர் விரைவாகக் குறைந்தனர். மிஞ்சியது விடுமுறைக்காக ஏறுவோர். நார்வேஜியன், ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய நிறுவனங்கள் 1966க்கும் 1972க்கும் இடையில் தோன்றி, நடுத்தர வருவாய் உள்ள அமெரிக்கர்களைக் கரீபியன் கடலுக்கு அழைத்துச் சென்றன. பகலெல்லாம் நீச்சல் குளத்தில் கிடப்பவர்களிடம் இரவில் மட்டும் கோட்டு கேட்பது நாளடைவில் பொருந்தாமல் போயிற்று. இன்னொரு காரணம் மிக எளிமையானது, பெட்டி. முன்பு கப்பலேறியவர்கள் பெரிய டிரங்குப் பெட்டிகளோடு துறைமுகத்துக்கே வந்தார்கள். இன்று பலர் விமானத்தில் வந்து கப்பல் ஏறுகிறார்கள். சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 23 கிலோ அளவுதான் அனுமதி. ஒரே ஒரு இரவுக்காகக் கோட்டும் தோல் காலணியும் சுமப்பதா என்ற கேள்வி எழுவது இயல்பு.

நார்வேஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்தில் உண்ணும் முறையைக் கொண்டுவந்து, கட்டாய முறைசார் இரவுகளைக் கைவிட்டது. செலிப்ரிட்டி நிறுவனம் 2015இல் முறைசார் இரவு என்ற பெயரை நீக்கி, நாகரிக மாலை என்று பொருள்படும் புதுப் பெயரைச் சூட்டியது. கார்னிவலில் இப்போது சாதாரண இரவு, நேர்த்தியான இரவு என்று இரண்டே வகைகள். ஆனாலும் நீச்சல் உடை, ஆண்களின் கையில்லாத பனியன், உடற்பயிற்சி அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு ஆகியவற்றுக்கு அங்கும் முதன்மை உணவுக்கூடத்தில் இடமில்லை.

பழைய முறையை இன்றும் பெரும்பாலும் பேணுவது கியூனார்டு. அதன் குயின் மேரி 2 கப்பல் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏழு இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கிறது. மாலை 6 மணிக்குப் பிறகு நேர்த்தியான உடை என்பது பொது விதி. காலா மாலை எனப்படும் சிறப்பு இரவுகளில் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிறச் சூட்டு, பெண்களுக்கு மாலை விருந்துக்குரிய உடை. உடுத்திக்கொள்ள விரும்பாதவர்களை அந்த நிறுவனம் பட்டினி போடுவதில்லை. கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் மதுக்கூடம் போன்ற இடங்களை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. இல்லாவிட்டால் அறைக்கே உணவு வரவழைத்துக்கொள்ளலாம். இந்த மாற்றுவழி இருப்பதால்தான் விதியைக் கண்டிப்பாக வைத்திருக்க முடிகிறது.

முதல் இரவும் கடைசி இரவும் காலா மாலையாக வருவதில்லை. முதல் நாள் பெட்டி அறைக்கு வந்து சேர்ந்திருக்காது, கடைசி இரவில் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கப்பல்களிலும் இதே வழக்கம்தான்.

வாசலில் நடப்பது

விதி மூன்று இடங்களில் பயணியைச் சந்திக்கிறது. முதலில் பயணத்துக்கு முன் வரும் குறிப்பேட்டில். அடுத்து, ஒவ்வொரு நாளும் அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் அல்லது கைப்பேசிச் செயலியில். மூன்றாவதாக உணவுக்கூட வாசலில். அங்கே நிற்கும் மேற்பார்வையாளரைப் பிரெஞ்சு வழக்கில் மேத்ர தோத்தெல் என்பார்கள். உணவக மேலாண்மை படிக்கும் மாணவர்கள் இச்சொல்லை அறிந்திருப்பார்கள்.

விதிக்குப் புறம்பான உடையில் ஒருவர் வந்தால் மேற்பார்வையாளர் சில வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தனியாக அழைத்து, தணிந்த குரலில், அறைக்குச் சென்று மாற்றிவர முடியுமா என்று கேட்கலாம். சில கப்பல்களில் இரவல் கோட்டு வைத்திருப்பார்கள், அதைத் தரலாம். பஃபேவுக்கு வழிகாட்டலாம். ஓரத்து மேசையில் அமர்த்திவிட்டுக் கண்டும் காணாமலும் இருந்துவிடலாம். நடைமுறையில் இந்தக் கடைசி வழி அடிக்கடி நிகழ்கிறது.

அது ஏன் என்று பார்த்தால் ஊழியரின் நிலை விளங்கும். பரிமாறுவோரில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வந்தவர்கள். பல நிறுவனங்களில் அவர்கள் வருமானத்தின் ஒரு பகுதி, பயணியின் கணக்கில் நாள்தோறும் சேர்க்கப்படும் சேவைத் தொகையிலிருந்து வருகிறது. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் பயணி கேட்டால் அத்தொகையைக் குறைக்கவோ நீக்கவோ முடியும். பயணம் முடிந்ததும் பயணி மதிப்பெண் தாளும் நிரப்புவார். ஆகவே, இல்லை என்று சொல்ல வேண்டிய ஊழியர், யாரிடம் சொல்கிறாரோ அவரிடமிருந்தே மதிப்பெண்ணும் ஊதியமும் பெற வேண்டியிருக்கிறது. விதியை எழுதியவர்கள் கரையில் அலுவலகத்தில் இருக்கிறார்கள். கோபத்தைக் கேட்பவர் வாசலில் நிற்கிறார்.

இதன் விளைவு சீரின்மை. செவ்வாய்க்கிழமை உள்ளே விடப்பட்ட அரைக்கால் சட்டை வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பப்படுகிறது, அன்று வாசலில் வேறு ஒருவர் நின்றதால். பள்ளியில் சீருடை பார்த்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்லலாம். விதியே இல்லாத வகுப்பில் முணுமுணுப்பு வருவதில்லை, எல்லோருக்கும் ஒரே விதி உள்ள வகுப்பிலும் அதிகம் வருவதில்லை. சிலருக்கு மட்டும் விலக்குக் கிடைக்கும் வகுப்பில்தான் அது ஓயாது. கப்பலிலும் மிகுதியாக மனம் புண்படுவது திருப்பி அனுப்பப்பட்டவர் அல்லர், சூட்டைச் சுமந்து வந்து இஸ்திரி போட்டு அணிந்தபின் பக்கத்து மேசையில் விளையாட்டுச் சட்டையைப் பார்ப்பவர். அந்த இஸ்திரியும் எளிதன்று. தீ விபத்து அச்சத்தால் பல கப்பல்களில் அறைக்குள் இஸ்திரிப் பெட்டி பயன்படுத்தத் தடை உண்டு. காலா மாலைக்கு முன் பொதுச் சலவை அறையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

சொற்களும் சிக்கலைக் கூட்டுகின்றன. கறுப்பு டை என்றால் பொருள் தெளிவு. நேர்த்தியான சாதாரண உடை, உங்கள் சிறந்த உடை என்றெல்லாம் எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஆண்களின் உடை பற்றிக் கோட்டு, காலர், முழுக்கால் சட்டை என்று விதி துல்லியமாகப் பேசும். பெண்களின் உடை பற்றி அது பெரும்பாலும் பூசி மெழுகும். வீங்கிய பாதத்துக்காக மருத்துவக் காலணி அணியும் முதியவரை எப்படி நடத்துவது என்பதைப் பெரும்பாலும் வாசலில் நிற்பவரின் இங்கிதத்துக்கே விட்டுவிடுகிறார்கள்.

கட்டுப்பாட்டை எதிர்ப்போர், பணம் கட்டிய விடுமுறையில் உடையைப் பற்றி எவரும் கேட்கக் கூடாது என்கிறார்கள். ஆதரிப்போர், தாங்களும் அந்த மாலைப் பொழுதுக்காகத்தான் பணம் கட்டினோம் என்கிறார்கள். இரண்டாவது தரப்பு சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் கூடத்தின் தோற்றம் அங்குள்ள எல்லோரும் சேர்ந்து உண்டாக்குவது, அதைத் தனி ஒருவர் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் இந்த வாதம், நிறுவனம் முன்கூட்டியே தெளிவாக எழுதி, மாற்று இடமும் தந்து, எல்லோரிடமும் ஒரே அளவாகக் கேட்கும்போது மட்டுமே நிற்கும்.

தேசிய உடை

கியூனார்டு தன் காலா மாலைகளில் முறையான தேசிய உடையையும் ஏற்கிறது. ஸ்காட்லாந்தின் கில்ட் பாவாடை இதற்கு நன்கு அறிந்த எடுத்துக்காட்டு. பட்டுச் சேலைக்கும் இந்தியக் கழுத்துப்பட்டிக் கோட்டுக்கும் பொதுவாகக் கேள்வி எழுவதில்லை. பட்டு வேட்டியும் சட்டையும் அங்கவஸ்திரமும் இதே வகையைச் சேர்ந்தவைதான் என்றாலும், வாசலில் நிற்பவர் வேட்டிக்கும் லுங்கிக்கும் வேறுபாடு அறியாதவராக இருக்கலாம். பயணத்துக்கு முன்பே நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கரையில் இந்தச் சிக்கலுக்குச் சட்டமே வந்தது. 2014இல் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் நடந்த விழாவுக்கு வேட்டியுடன் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. அதே ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டி அணிந்தவர்களை மன்றங்கள் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அந்த மன்றங்களின் விதியும் கப்பல் உணவுக்கூடத்தின் விதியும் ஒரே பிரிட்டிஷ் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தவை. ஆனால் அச்சட்டம் நடுக்கடல் வரை எட்டாது. குயின் மேரி 2 பெர்முடாவில் பதிவான கப்பல். பல சொகுசுக் கப்பல்கள் பகாமாஸ், பனாமா, மால்டா கொடிகளின் கீழ் ஓடுகின்றன. அங்கே பயணிக்குக் கைகொடுப்பது பயணச்சீட்டின் நிபந்தனையும் நிறுவனம் எழுதித் தந்த பதிலும்தான்.