ஜன்னல் கம்பி சொல்லும் ஊர்ப்பெயர்

கூகுள் கார் எடுத்த 100 தெருப் படங்கள். பாதி பாரிஸில் எடுத்தவை; மறுபாதி லண்டன், பிராக், டோக்கியோ, நியூயார்க் என்று வேறு 11 நகரங்களில் எடுத்தவை. எல்லாவற்றையும் கலைத்து 11 பேரிடம் கொடுத்து, “எது பாரிஸ், எது பாரிஸ் இல்லை?” என்று மட்டும் கேட்டார்கள். ஈபிள் கோபுரம் தெரியும்படி பொறுக்கி எடுத்த படங்கள் இல்லை அவை. ஒரு சுவர், ஒரு திருப்பம், ஓரமாக நிறுத்திய கார்கள், மூடிய கதவு என்று கைக்கு வந்ததை அள்ளிய படங்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னாலே பாதி சரியாக இருக்கும். ஆனால் அவர்கள் சராசரியாக 79 சதவீதம் சரியாகச் சொன்னார்கள்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கார்ல் டோர்ஷ், அலெக்ஸெய் எஃப்ராஸ் முதலியோரும் பாரிஸில் பணியாற்றிய ஜோசஃப் சிவிக்கும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் வருகிற சோதனை இது. பாரிஸைப் பாரிஸாகக் காட்டுவது எது என்பதுதான் அவர்கள் கேள்வி. மனிதர்களைக் கேட்டால் பாதிதான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிந்தது நாவுக்கு எட்டாது. எனவே கணினியைக் கேட்டார்கள்.

கேட்ட விதம்தான் அழகு. 12 நகரங்கள், நகரத்துக்குச் சுமார் 10,000 படங்கள். பாரிஸ் படங்களிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி எடுத்து, ஒவ்வொரு துண்டையும் இரண்டு நிபந்தனைகளால் சலித்தார்கள். அது பாரிஸில் அடிக்கடி வர வேண்டும். மற்ற ஊர்களில் வரவே கூடாது, அல்லது அரிதாக வர வேண்டும். தார்ச்சாலை முதல் நிபந்தனையில் தேறும், இரண்டாவதில் விழும், ஏனென்றால் அது எல்லா ஊரிலும் உண்டு. ஈபிள் கோபுரம் இரண்டாவதில் தேறி முதலாவதில் விழும், ஏனென்றால் பாரிஸிலேயே அது ஒன்றே ஒன்றுதான். ஒரு நகரத்தின் மிகப் புகழ்பெற்ற கட்டடம் அந்த நகரத்தை அடையாளம் காட்டுவதில் பயனற்றது என்று ஒரு கணக்கு சொல்லிவிடுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து சுற்றுலா அஞ்சலட்டைகளை நான் பழைய கண்ணால் பார்ப்பதில்லை.

சல்லடையில் கடைசியாக நின்றவை எவை? நீல நிறத்தில் பச்சைக் கரையிட்ட தெருப் பெயர்ப்பலகை. தரைவரை இறங்கும் ஜன்னலுக்கு முன்னால் பூவேலை செய்த வார்ப்பிரும்புக் கம்பி. மாடிமுகப்பின் (பால்கனியின்) கைப்பிடிச் சுவர். ஒரு வகை விளக்குக் கம்பம். யாரும் நின்று பார்க்காத பொருள்கள், ஆனால் ஒவ்வொரு தெருவிலும் திரும்பத் திரும்ப வருகிறவை.

ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கேட்டால் அழகியலைவிடச் சட்டப் புத்தகம் அதிகம் பதில் சொல்லும். 1853இல் மூன்றாம் நெப்போலியன் ஓஸ்மான் என்ற அதிகாரியிடம் பாரிஸை ஒப்படைத்தார். 1870இல் பதவி போகும் வரை அவர் பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகளை வெட்டிக்கொண்டே இருந்தார். சாலை எவ்வளவு அகலமோ அதற்கேற்பத்தான் முகப்பின் உயரம் இருக்கலாம். 1859 விதிப்படி, 20 மீட்டர் அகலமுள்ள சாலையில் சுவர் 20 மீட்டர் வரை எழும்பலாம். அதற்கு மேல் கூரை உள்பக்கம் சாய்ந்துவிட வேண்டும். பாரிஸ் படங்களில் துத்தநாகத் தகடு போர்த்திய அந்தச் சாய்ந்த கூரைகள் ஒரே மட்டத்தில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். கல்லும் ஒன்றே: அந்த வட்டாரத்துச் சுரங்கங்களில் கிடைத்த வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல். வீட்டுக்காரர் பத்தாண்டுக்கு ஒருமுறை முகப்பைத் துலக்க வேண்டும் என்று 1852 ஆணை ஒன்று சொன்னது.

மாடிமுகப்புகள் இன்னும் நுட்பமான கதை சொல்கின்றன. தரைத்தளத்துக்கு மேலே இரண்டாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் முகப்பின் முழு நீளத்துக்கும் அவை ஓடும். லிஃப்ட் இல்லாத காலம். கடைகளின் இரைச்சலுக்கு மேலேயும், மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய உயரத்துக்குள்ளும் இருந்த இரண்டாம் மாடியில் பணக்காரர் குடியிருந்தார். ஏற ஏற வாடகை குறையும். கூரையடிச் சிற்றறையில் வேலைக்காரர்கள். ஐந்தாம் மாடியின் மாடிமுகப்பு வசதிக்காக வைத்தது இல்லை, தெரு பார்வைக்குச் சீராக இருக்க வைத்தது. லிஃப்ட் வந்த பிறகு உயரமான மாடிகளின் மதிப்பு கூடியது, ஆனால் இரும்புக் கைப்பிடி பழைய வரிசையையே இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.

லண்டன் ஜன்னலைப் பாருங்கள். 1666 பெருந்தீயில் மரவீடுகளின் ஊர் எரிந்தது. பின்வந்த சட்டம் செங்கல்லையும் கல்லையும் கட்டாயமாக்கியது. 1709இல், மரச்சட்டம் சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்று விதி வந்தது; நெருப்பு ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து அடுத்த வீட்டு ஜன்னலுக்குத் தாவாமல் இருக்க. 1774இல் மரச்சட்டத்தின் பெரும்பகுதியைச் செங்கல்லுக்குப் பின்னே மறைக்கச் சொன்னார்கள். 1894இல் கட்டுப்பாடு தளர்ந்தது, ஜன்னல்கள் மறுபடி வெளியே வந்தன. ஆகவே பழைய லண்டன் வீடொன்றில் ஜன்னல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தே அதன் வயதை ஓரளவு சொல்லலாம்.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருவோம். ஒரு படத்தில் தமிழ்ப் பலகை தெரிகிறது என்று வையுங்கள். தமிழ்நாடு என்று அவசரப்பட வேண்டாம். பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்திருந்தால் இலங்கை. வாகனத்தின் முன்பக்க எண்பலகை வெள்ளையாகவும் பின்பக்கம் மஞ்சளாகவும் இருந்தால் ஐயமே இல்லை. அடுக்குமாடியின் பக்கச்சுவரில் பெரிய எண் எழுதி, ஜன்னலிலிருந்து நீட்டிய மூங்கில் கழிகளில் துணி காய்ந்தால் சிங்கப்பூர். கடைவீட்டு வரிசைக்கு முன்னால், மேல்மாடியே கூரையாக, கடைக்குக் கடை தொடரும் நடைபாதை இருந்தால் சிங்கப்பூரோ பினாங்கோ. அந்த ஐந்தடி நடைபாதையும் ஓர் ஆணையின் பிள்ளைதான்: ஒவ்வொரு வீட்டின் முன்னும் எப்போதும் திறந்திருக்கும் தொடர் நிழல்வழி வேண்டும் என்று 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு விதித்தார். மழைக்கும் வெயிலுக்கும் பொருத்தமான விதி என்பதால் அது வட்டாரமெங்கும் வேர் பிடித்தது.

நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் பிரெஞ்சும் தமிழும் இருந்தால் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் பாரிஸ் பலகையின் சாயலை வைத்துக்கொண்டிருக்கிறது. ஊரைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதில், வளைந்த வாசல், மஞ்சள் பூச்சு. மேற்கே தெருவை ஒட்டித் திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டும் கலந்த வீடுகள். கீழ்த்தளம் திண்ணையும் தூணுமாகத் தமிழ் வீடு; மேல்தளத்தில் வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூணுமாகப் பிரெஞ்சு வீடு. படத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு நாடுகள் கிடைக்கும். வெட்டாமல் பார்த்தால் உலகில் ஓர் ஊர்தான்.

இப்படி ஊர் கண்டுபிடிப்பதையே விளையாட்டாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டன் வாலென். 2013இல் அவர் தொடங்கிய ஜியோகெஸ்ஸர், உலகின் ஏதோ ஒரு சாலையில் உங்களை இறக்கிவிட்டு, வரைபடத்தில் இடத்தைக் குறிக்கச் சொல்லும். நெருங்க நெருங்க மதிப்பெண் கூடும்; ஒரு சுற்றுக்கு உச்சம் 5,000. 2023இல் இதற்கு உலகக்கோப்பையே ஸ்டாக்ஹோமில் நடந்தது. கைதேர்ந்தவர்கள் மின்கம்பத்தின் வடிவம், சாலைக்கோட்டின் நிறம், ஓரத்தில் நட்ட குட்டைக் கம்பம், மண்ணின் சிவப்பு எல்லாவற்றையும் படிக்கிறார்கள். இந்தியச் சாலையில் மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை என்பது அவர்களுக்குப் பாலபாடம்.

வானமும் உதவும். டிஷ் ஆன்டெனா நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளைப் பார்த்திருக்க வேண்டும். எனவே நார்வேயில் அது அடிவானத்தை ஒட்டிப் பார்க்கும், சென்னையில் ஏறக்குறைய உச்சியைப் பார்க்கும். நண்பகல் சூரியன் தெற்கே நின்றால் வடகோளம் என்று ஒரு விதி சொல்வார்கள். நம் பக்கத்தில் அதை நம்பிவிடக் கூடாது. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் வடக்கே நிற்கிறது.

விளையாட்டுக்காரர்கள் வேறொன்றும் செய்கிறார்கள். கானாவில் ஓடிய கூகுள் காரின் மேல்கம்பி மூலையில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. கென்யாவில் ஓடிய காரில் காற்றிழுக்கும் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. இவற்றை மனப்பாடம் செய்தால் நொடியில் நாட்டைச் சொல்லலாம். சொல்பவர் வெல்வார், ஆனால் அவர் படித்தது ஊரை அல்ல, காரை.

கணினிகளும் இந்த விளையாட்டை ஆடுகின்றன. கூகுளின் பிளாநெட் நிரல், 2016இல், உலகைச் சுமார் 26,000 கட்டங்களாகப் பிரித்து எந்தக் கட்டம் என்று ஊகித்தது. நன்றாக ஊர் சுற்றிய பத்துப் பேரோடு ஜியோகெஸ்ஸர் ஆடி, 50 சுற்றுகளில் 28ஐ வென்றது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் செய்த நிரல், இந்த விளையாட்டின் புகழ்பெற்ற வீரர் ட்ரெவர் ரெய்ன்போல்டை ஆறு ஆட்டத் தொடரில் தோற்கடித்தது. திறமை அபாரம். இருந்தும் 2012ஆம் ஆண்டின் சிறிய சல்லடைதான் என் மனத்துக்கு நெருக்கம், ஏனென்றால் அது தான் கண்டுபிடித்ததை நம் கையில் எடுத்துக் கொடுத்தது: இதோ கம்பி, இதோ பலகை, நீயே பார்.

இந்தத் திறன் விளையாட்டோடு நிற்கவில்லை. 2018 ஜூலையில் ஒரு காணொளி பரவியது. சிப்பாய்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் நடத்திக் கூட்டிச்சென்று சுட்டுக் கொல்கிறார்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாது. சிப்பாய்கள் தங்களவர்கள் என்ற குற்றச்சாட்டைக் கேமரூன் அரசு முதலில் பொய்ச் செய்தி என்று தள்ளியது. பிபிசியின் ஆப்பிரிக்கா ஐ குழு, காட்சியின் பின்னணியில் சில நொடிகள் தெரிந்த மலைமுகட்டின் கோட்டை எடுத்து வட கேமரூனில் ஜெலவெட் ஊருக்கு அருகே உள்ள முகட்டோடு பொருத்தியது. கட்டடங்கள் எப்போது இருந்தன, எப்போது இல்லை என்று செயற்கைக்கோள் படங்கள் சொல்லின. நடந்து சென்ற சிப்பாய்களின் நிழல் சூரியனின் உயரத்தைச் சொன்னது. விடை: 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில். 2020இல் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டுச் சிறை.

அதே கண் தீங்கும் செய்யும். 2019இல் டோக்கியோவில் ஓர் இளம் பாடகி வெளியிட்ட செல்ஃபியில், அவருடைய கருவிழியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தைப் பெரிதாக்கி, தெருப் படங்களோடு ஒப்பிட்டு, வீடுவரை போய்த் தாக்கினான் ஒருவன். புகைப்படத்தில் முகத்தை மறைப்பவர்கள் ஜன்னலை மறைக்க நினைப்பதில்லை.

பாரிஸ் ஆய்வில் ஒரு குறிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் அந்தச் சல்லடை திணறியது. கட்டடங்களில் தனித்தன்மை போதாமல், சில இடங்களில் கார் வகைகளையும் சாலைச் சுரங்கங்களையும்தான் அடையாளமாக எடுத்துக் காட்டியது. நம் நகரங்களும் அந்தத் திசையில் வேகமாகப் போகின்றன. ஏசி வந்த பிறகு ஜன்னல் காற்றுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. கண்ணாடியும் அலுமினியத் தகடும் எந்த ஊர் மழைக்கும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன.

புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடம், ஊர்க்காரர்கள் மேரி என்று சொல்வது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் திண்ணை வீடு ஒன்று விழுந்தால் அதே திண்ணையோடு எழுவது அரிது. வாகனம் நிறுத்த இடம் வேண்டும், வாடகைக்குக் கடை வேண்டும், குடும்பத்தின் நியாயம் குடும்பத்துக்கு. அதனால்தான் அதே ஊரின் வைசியாள் வீதியில் நடந்த வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2000களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு, நகராட்சியும் மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து அந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்தார்கள். தனி மாளிகை ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. தாழ்வாரத்தை அடுத்துத் தாழ்வாரம், திண்ணையை அடுத்துத் திண்ணை என்று வரிசையாக எடுத்துக்கொண்டார்கள்.