முளைக்காத ஓக் விதை

விளையாட்டின் தொடக்கத்தில் நீங்கள் ஒரு சிறுவன். மண்ணைக் கீறி ஓர் ஓக் விதையைப் புதைக்கிறீர்கள். பிறகு ஊர் ஊராகச் சுற்றி, அரக்கர்களோடு மோதி, தலை நரைத்துத் திரும்பி வரும்போது அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கும். ‘ஃபேபிள்’ என்ற மாயாஜால ரோல் பிளேயிங் கேம் (ஆர்.பி.ஜி.) வெளிவருவதற்கு முன்பு, அதை வடிவமைத்த பீட்டர் மோலினூ பத்திரிகைகளுக்கு வரைந்து காட்டிய உலகம் இது. 2004 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு அந்த கேம் வந்தது. வாளும் மந்திரமும் இருந்தன. செய்யும் நன்மை தீமைக்கு ஏற்ப நாயகனின் தோற்றம் மாறியது. மதிப்புரைகள் பெரும்பாலும் பாராட்டின. விதை மட்டும் முளைக்கவில்லை. சில வாரங்களில் மோலினூ வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தான் பேசிய சில அம்சங்கள் கேமுக்குள் வந்து சேரவில்லை என்றும், இனி இவ்வளவு முன்கூட்டியே பேசுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் எழுதினார்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மோலினூ என்றதும் கேமர்கள் முதலில் எடுப்பது அந்த விதையின் பேச்சைத்தான். கேமில் இருந்த நல்லவை எத்தனையோ. நினைவில் தங்கியது இல்லாமல் போன ஒன்று. இதை ரசிகர்களின் நன்றிகெட்டதனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மூளை வேலை செய்யும் விதத்திலேயே இதற்கான காரணம் இருக்கிறது.

வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் நடுமூளையில் உள்ள டோபமைன் நரம்பணுக்களைப் பல ஆண்டுகள் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு நாக்கில் விழுந்தால் அந்த அணுக்கள் சடசடவெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்கு எரியும் நேரத்துக்கு இடம் மாறியது; சாறு வந்தபோது அணுக்களில் சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராத நாளில், அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. பீட்டர் டயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997இல் அவர் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தது: இந்த அணுக்கள் கணக்குப் பார்ப்பது கிடைத்த வெகுமதியை அல்ல, கிடைத்ததற்கும் கணித்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை. துறையில் இதற்கு ‘வெகுமதிக் கணிப்புப் பிழை’ என்று பெயர். ஷுல்ட்ஸும் டயானும் ரே டோலனும் 2017இல் மூளை ஆய்வுக்கான ‘பிரெய்ன் பிரைஸ்’ பெற்றது இந்த வழியில் செய்த பணிகளுக்காக.

ஒரு சொட்டுச் சாற்றையும் நூறு மணி நேரம் ஓடும் ஒரு கேமையும் அப்படியே ஒன்றாக்கிவிட முடியாது. இருந்தாலும் ட்ரெய்லர் என்பது அந்த விளக்குதான். அது எரியும்போதே மகிழ்ச்சியின் ஒரு பங்கு நமக்குக் கிடைத்துவிடுகிறது. மீதியை வெளியீட்டு நாளில் கேம் தர வேண்டும், கணித்ததைவிட அதிகமாகத் தர வேண்டும். சரியாகக் கணித்த அளவே தந்தால் ‘பரவாயில்லை’ என்போம். குறைந்தால், குறைந்த அந்த இடத்தில்தான் மனம் போய் நிற்கும்.

மனிதர்களிடமும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ராப் ரட்லெட்ஜும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், செல்பேசியில் சிறு பந்தய விளையாட்டு ஆடிய 18,420 பேர் அவ்வப்போது ‘இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு விடை சொன்னார்கள். மொத்தம் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பது அந்த விடைகளைப் பெரிதாக விளக்கவில்லை. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்ததா என்பதே விளக்கியது.

அப்படியானால் எதையும் எதிர்பார்க்காமல் இருந்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே ஆய்வே இன்னொன்றையும் காட்டியது: நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு, முடிவு தெரிவதற்கு முன்பே மகிழ்ச்சியை உயர்த்துகிறது. பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1987இல் ஒரு சுவையான கேள்வி கேட்டார். உங்களுக்குப் பிடித்த திரை நட்சத்திரம் ஒரு முத்தம் தருவார். எப்போது வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? உடனே கிடைக்கும் முத்தத்தைவிட மூன்று நாள் கழித்து வரும் முத்தத்துக்கு மாணவர்கள் அதிக விலை சொன்னார்கள். காத்திருப்பும் அவர்கள் வாங்கிய பொருளின் ஒரு பகுதி. ஒரு மாயாஜால உலகத்துக்காக நண்பர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசி, வரைபடம் போட்டு, எந்த இனத்தில் எந்தப் பாத்திரமாகப் பிறப்பது என்று திட்டமிடும் இன்பத்தைக் கழித்துவிடச் சொல்பவர்கள், அந்தக் கேமில் பாதியைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள்.

எதிர்பார்ப்பு எவ்வளவு உயரம் என்பதைவிட எதன் மேல் நிற்கிறது என்பதைப் பார்ப்பதே பயன் தரும். கண்ணால் பார்த்ததன் மேல், கையால் ஆடியதன் மேல் நிற்கும் எதிர்பார்ப்பு ஒரு வகை. இடைவெளிகளை நாமே நிரப்பிக்கொண்டது இன்னொரு வகை. மைக்கேல் நார்ட்டன், ஜீனா ஃப்ராஸ்ட், டான் ஏரியலி மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இணையம் வழியாகத் துணை தேடுபவர்கள் இன்னும் சந்திக்காத நபருக்குக் கொடுத்த மதிப்பெண், சந்தித்து வந்தவருக்குக் கொடுத்ததைவிட அதிகமாக இருந்தது. தெரியாத இடங்களை மனம் தனக்குப் பிடித்ததைக் கொண்டு பூசிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நேரில் பழகும்போது நெருக்கம் கூடத்தான் செய்கிறது என்று காட்டிய மறு ஆய்வுகளும் உண்டு. மனிதர்கள் விஷயத்தில் அந்த விவாதம் தொடரட்டும். கேம்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதற்கு ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ போதும். 2018 ஜூனில் அதை உருவாக்கும் பெதஸ்டா நிறுவனம் காட்டியது அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான காட்சி: மலைகள், கடற்கரை, பெயர். அந்த மலைச்சரிவை வைத்துக்கொண்டே கதை எந்த நாட்டில் நடக்கும் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள்.

எல்லா வகைக் கேம்களிலும் மாயாஜால ஆர்.பி.ஜி.தான் இந்தப் பூச்சுக்கு அதிகம் இடம் கொடுக்கிறது. பந்தயக் காரோட்டும் கேம் என்ன தரும் என்பது ஓரளவு தெரிந்ததே. ஆர்.பி.ஜி. தரும் வாக்கோ ‘நீங்கள் எடுக்கும் முடிவுகள் உலகத்தை மாற்றும்’ என்பது. இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஆம், இல்லை என்று இரண்டே விடை உள்ள இருபது முடிவுகள், ஒவ்வொன்றும் கதையை நிரந்தரமாகப் பிரிக்கும் என்றால், 10,48,576 தனித்தனிக் கதைகள் எழுதியாக வேண்டும். எந்த ஸ்டுடியோவாலும் முடியாது. ஆகவே கிளைகளைப் பிரித்துவிட்டுச் சற்று தூரத்தில் மீண்டும் சேர்க்கிறார்கள். ஒரு முடிவின் விளைவை ஒரு வசனத்திலோ ஒரு பாத்திரத்தின் கோபத்திலோ காட்டுகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, கடினமான கைத்திறன். ஆனால் ட்ரெய்லர் பார்ப்பவரின் மனத்தில் பிரிந்த கிளைகள் மட்டுமே ஓடுகின்றன, சேரும் இடங்கள் தெரிவதில்லை.

முன்னோட்டங்கள் தயாராகும் விதமும் இதில் சேர்கிறது. முழு கேமும் அரைகுறையாக இருக்கும்போதே, அதில் ஒரு துண்டை மட்டும் கடைசி மெருகு வரை கொண்டுபோய்க் காட்டுவது துறையின் வழக்கம். அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும் முன்பே அலங்கரித்துத் திறந்துவைக்கும் மாதிரி வீட்டைப் போன்றது அது. அந்த வீடு பொய்யில்லை. மற்ற வீடுகள் அப்படியே அமையும் என்பதற்கு உறுதியும் இல்லை.

‘தி விட்சர் 3’ என்ற அருமையான மாயாஜாலக் கேமைத் தந்த போலந்தின் சிடி ப்ராஜெக்ட், 2018இல் ‘சைபர்பங்க் 2077’ என்ற எதிர்கால நகர ஆர்.பி.ஜி.யின் 48 நிமிட ஆட்டத்தைக் காட்டியது. ‘இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது’ என்ற குறிப்பு திரையிலேயே இருந்தது. அதை யார் கவனித்தார்கள்? கேம் மூன்று முறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10 அன்று வந்தபோது, முன்கூட்டியே வாங்கியவர்கள் மட்டும் 80 லட்சம் பேர். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் அது தட்டுத் தடுமாறியதை, பணம் கொடுத்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து கேமை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜனவரியில் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி காணொளியில் மன்னிப்புக் கேட்டு, தவறு நிர்வாகத்துடையது, கேமை உருவாக்கிய குழுக்களைக் குறை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைசி மாதங்களில் கூடுதல் நேரம் உழைத்தவர்கள் அந்தக் குழுவினர். வெளியீட்டு நாளில் வசவு போய்ச் சேருவது பெரும்பாலும் அவர்களிடம்தான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 2023இல் வந்த 2.0 பேட்ச் என்ற திருத்தப் பதிப்புக்குப் பிறகு அந்த கேம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதையும் செய்து முடித்தது உருவாக்கும் குழுக்கள்தான்.

இதற்கு நேர் எதிரான பாதையைப் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உள்ள லாரியன் ஸ்டுடியோஸ் எடுத்தது. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் மதிப்பது அவர்களைத்தான். ‘பால்டர்ஸ் கேட் 2’ என்ற மாயாஜால ஆர்.பி.ஜி. வந்தது 2000இல். அடுத்த பாகத்துக்கு இரண்டு தலைமுறை ரசிகர்கள் காத்திருந்தார்கள் என்றால் மிகையில்லை. லாரியன் 2020 அக்டோபரில், முடிக்காத ‘பால்டர்ஸ் கேட் 3’இன் முதல் அங்கத்தை முழு விலைக்கே விற்றது. வாங்கியவர்கள் பகடை உருட்டி, பிழைகளில் முட்டி, முறையிட்டார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்த அங்கம் திரும்பத் திரும்பச் சரிசெய்யப்பட்டது. 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு கேம் வந்தபோது ரசிகர்களின் எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது; அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதும் அதற்கே கிடைத்தது. வெளியானபோது அதிகம் குறை கேட்டது எந்தப் பகுதியைப் பற்றித் தெரியுமா? மூன்றாம் அங்கம். ஆட்டக்காரர்களின் கை முன்கூட்டிப் படாத பெருநகரப் பகுதி. அங்கே கணினிகள் திணறின, சில பாத்திரங்களின் கதைகள் அவசரமாக முடிந்தன. முதல் பெரிய பேட்ச் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களோடு வந்தது. முடிவுரைக் காட்சி நவம்பர் இறுதியில்தான் சேர்ந்தது. ஒரே கேமுக்குள்ளேயே சோதித்த எதிர்பார்ப்பும் சோதிக்காத எதிர்பார்ப்பும் அருகருகே இருந்து, தங்கள் வேறுபாட்டைக் காட்டிவிட்டன.

‘எல்டன் ரிங்’ என்ற கேம் இந்தக் கணக்குக்குள் அவ்வளவு எளிதில் அடங்காது. 2019 ஜூனில் அறிவிப்பு. பிறகு இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய முழு மௌனம். பொறுக்க முடியாத ரசிகர்கள், இல்லாத அரக்கர்களுக்குப் பெயர் சூட்டி, அவர்களோடு போரிட்ட கதைகளைத் தாங்களே எழுதிப் பரப்பினார்கள். இடைவெளியைக் கற்பனையால் நிரப்புவது இதைவிட அப்பட்டமாக நடக்க முடியாது. ஆனாலும் 2022 பிப்ரவரி 25 அன்று கேம் வந்தபோது ஏமாற்றம் இல்லை. அவர்கள் எழுதியது கற்பனை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அது கணிப்பாக இறுகவில்லை, விளையாட்டாகவே நின்றது. அதை உருவாக்கிய ஹிதேதாகா மியாசாகியின் குழு ‘டார்க் சோல்ஸ்’ முதல் ‘செகிரோ’ வரை தந்த கேம்கள் அவர்கள் கைகளுக்குப் பழக்கமாகவும் இருந்தன. உண்மையான கணிப்பு அந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்தது. போதாததற்கு 2021 நவம்பரில், தேர்ந்தெடுத்த ரசிகர்களுக்குச் சோதனைப் பதிப்பும் கிடைத்தது.

கேம் வந்த பிறகு முதல் வாரத்தில் என்ன படிக்கிறோம் என்பதும் எதிர்பார்ப்பின் பகுதிதான். லியனார்ட் லீ, ஷேன் ஃப்ரெடரிக், ஏரியலி மூவரும் 2006இல் செய்த சோதனையில், பீரில் சில துளி பால்சமிக் வினிகர் கலந்து கொடுத்தார்கள். விஷயத்தைக் குடிக்கும் முன் கேட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. குடித்த பின் கேட்டவர்களோ, எதுவும் அறியாமல் குடித்தவர்களைப் போலவே ரசித்திருந்தார்கள். முன்கூட்டி வந்த செய்தி கருத்தை மட்டும் மாற்றவில்லை, நாக்கின் அனுபவத்தையே மாற்றியது. ஆகவே மதிப்புரைகளில் இரண்டு சரக்குகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. என் கணினியில் ஓடுமா, சேமிப்புக் கோப்பு அழிகிறதா, எத்தனை மணி நேரம் என்பவை வாங்கும் முன் தெரிய வேண்டியவை. ‘இரண்டாம் பாதி சொதப்பல்’, ‘காலத்தை வென்ற படைப்பு’ போன்ற தீர்ப்புகளை ஆடி முடித்த பின் படிக்கலாம்.

டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது என்பதால், முன்கூட்டி வாங்க வேண்டிய அவசரமும் பெரும்பாலும் இல்லை. ஸ்டீம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பெரிய ஆர்.பி.ஜி.களில் பாத்திரத்தின் மூக்கையும் முடியையும் அமைப்பதிலேயே ஒரு மணி நேரம் கரைந்துவிடும். அந்த இரண்டு மணிக்குள் கேம் சீராக ஓடுகிறதா என்பதையாவது பார்த்துவிட வேண்டும்.

‘தி விட்சர் 4’க்கான விளக்கு இப்போது எரிந்துகொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் சிரி என்ற பாத்திரத்தை நாயகியாக்கி முதல் ட்ரெய்லர் வந்தது. 2026 முடியும்வரை கேம் வராது என்று 2025இல் சிடி ப்ராஜெக்ட் சொன்னது. அதே ஆண்டு ஜூனில், அன்ரியல் என்ஜின் 5இல் அமைந்த ஒரு காட்சியைச் சாதாரண பிளேஸ்டேஷன் 5இல் ஓட்டிக் காட்டி, இது தொழில்நுட்பச் செயல்விளக்கம், கேம் இல்லை என்று தெளிவாகவும் அறிவித்தது. சைபர்பங்க் கற்பித்த பாடம் அந்த அறிவிப்பில் தெரிகிறது. இனிப் பார்க்க வேண்டியது, ஒரு மனிதர் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்து, வெட்டாமல் ஒட்டாமல் ஆடிக் காட்டும் நீண்ட ஆட்டத்தை. அது வரும்போது சிரியின் வாளோடு திரையின் மூலையில் உள்ள சிறிய எழுத்துகளையும் படியுங்கள். எந்தக் கருவியில் பதிவானது என்று பெரும்பாலும் அங்கேதான் போட்டிருப்பார்கள்.