முன் சக்கரத்தின் முறையீடு

மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் புதிதாக ஒரு சப்தம் எழுந்தால் அதை அலட்சியம் செய்தல் தகாது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னே சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்தினுடையதே.

சப்தம் எப்போது எழுகிறது என்று முதலில் கவனியுங்கள். பிரேக் பிடிக்கும்போது மாத்திரம் இரும்போடு இரும்பு உராய்வதுபோல் கேட்டால், பிரேக் ஷூவோ பேடோ தேய்ந்துபோயிருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்'கென்றால், முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, ஹாண்டில் கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது.

டிஸ்க் பிரேக்கின் பிடி பஞ்சுபோல் அமுங்குமாயின், பிரேக் ஆயிலில் காற்றுப் புகுந்திருக்கக்கூடும். அதை நீக்கும்வரை வண்டியை எடுக்கலாகாது. பின்னால் அமர்பவரின் உயிரும் அந்தப் பிடியில்தான் இருக்கிறது.