சர்ப்பகந்தா: அமைதிக்கும் அளவு உண்டு

நரம்புகளை அமைதிப்படுத்தும் என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ‘பக்கவிளைவு இல்லாதது’ என்ற வாசகத்தை அடிக்கடி பார்க்கிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறியச் சர்ப்பகந்தாவின் கதை ஒன்றே போதும். இந்தச் சிறு செடியின் வேரை, சித்தம் கலங்கியவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். வேர்ப்பொடி மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் 1931-இல் எழுதினார்கள். இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் கண்ட பலனை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

ரெசர்பின் எப்படி வேலை செய்கிறது? டோபமைன், நார்அட்ரினலின், செரட்டோனின் ஆகிய தூதுப்பொருள்களை நரம்புச் செல்கள் நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கின்றன. அவற்றைப் பைக்குள் ஏற்றும் புரதத்தை ரெசர்பின் முடக்கிவிடுகிறது. வெளியே தங்கிய தூதுப்பொருளைச் செல்லுக்குள் உள்ள நொதி சிதைத்துவிடும், இருப்பு கரையும். பதற்றம் தணிவதும் அழுத்தம் இறங்குவதும் இதனால்தான். மூக்கடைப்பும் சோம்பலும் இதயத் துடிப்பு குறைவதும் இதே காரணத்தால்தான். அளவு கூடும்போது நடுக்குவாதம் போன்ற விறைப்பு வருகிறது. சிலருக்குக் கடும் மனச்சோர்வு ஏற்பட்டதையும் 1950-களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நன்மை ஒரு வழியிலும் தீமை வேறொரு வழியிலும் வரவில்லை. நரம்பைத் தொட்டு அமைதி தரும் எந்தப் பொருளுக்கும் தீங்கு செய்யும் ஆற்றலும் இருக்கக்கூடும்.

பிரித்தெடுத்த ரசாயனம்தான் கெடுதல், முழு வேரில் அந்த ஆபத்து இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் முழு வேரிலும் அதே ரெசர்பின்தான் இருக்கிறது; கூடவே இதயத் துடிப்பைப் பாதிக்கும் அஜ்மலின் போன்ற ஆல்கலாய்டுகளும் உண்டு. செடியின் வயதையும் மண்ணையும் பொறுத்து அவற்றின் அளவு மாறுவதால், ஒரு சிட்டிகைப் பொடியில் எவ்வளவு மருந்து என்பது தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டதே சான்று என்பது இன்னொரு வாதம். கொடுத்த அன்றே தூக்கம் வருவதை அனுபவம் சரியாகவே கண்டுகொள்ளும். பல மாதம் கழித்து வரும் சோர்வை அந்த வேரோடு பொருத்திப் பார்க்க முறையான கண்காணிப்பு வேண்டும்.

இதனால் மூலிகைகளை ஒதுக்கிவிட வேண்டும் என்று பொருளல்ல. அமுக்கரா மன அழுத்தத்தை ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. அதை உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும், எந்த மூலிகையைத் தொடங்கும் முன்பும் அதன் பெயரையும் அளவையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.